நேரில் பரிசோதிக்கப்பட்டது

மொட்டை மாடியில் இருந்த இயந்திர அறைக்கு லிஃப்ட் மெக்கானிக் மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் போட ஏறுவான். பழைய துணி ஒன்றை இரும்பு வடத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு லிஃப்டை மெதுவாக ஓட்டிப் பார்ப்பது அந்தத் தொழிலில் வழக்கம். வடம் நன்றாக இருந்தால் துணி வழுக்கிக்கொண்டு போகும். இழை அறுந்திருந்தால் மாட்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை துணி மாட்டியது. கொஞ்ச தூரத்தில் இன்னொரு இடத்தில் மாட்டியது. கடைசியில் துணியே கிழிந்து பாதி வடத்தோடு போய்விட்டது. நான்கு வடங்களில் இரண்டின் நிலை அதுதான். வடம் அறுந்தால் லிஃப்டைக் கவ்விப் பிடிக்க அடியில் ஒரு கவ்வி உண்டு. கீழே இறங்கி அதைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தான். துருவேறி ஒட்டிப்போயிருந்த கவ்வி அசையவே இல்லை.

தரைத்தளத்தில் இருந்த மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் போனான். முப்பத்தாறு வீடுகளும் ஒன்பது மாடிகளும் கொண்ட அந்தக் கட்டடத்துக்கு அவர்தான் எல்லாம்.

"சார், ரோப் போயிடுச்சு. மாத்தற வரைக்கும் லிஃப்ட் ஓடக்கூடாது."

செயலாளர் சுவரைக் காட்டினார். போன மாதம் வந்த பாதுகாப்புச் சான்றிதழ் அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. 'வடங்கள் நேரில் பரிசோதிக்கப்பட்டன. நிலை: மிக நன்று.' கீழே லிஃப்ட் ஆய்வாளரின் கையெழுத்து, வால் நீண்டு சுருண்டிருந்தது.

"மிக நன்றுன்னு போட்டிருக்கே?"

"ரோப்புக்குப் படிக்கத் தெரியாது சார்."

"இந்தக் காகிதத்துக்கு நான் என்ன பாடுபட்டேன்னு உனக்குத் தெரியுமா?" செயலாளருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆய்வாளர் சொன்ன கடையில, சொன்ன கலர்ல, ரெண்டு கதவு வச்ச ஃபிரிட்ஜ வாங்கி, அவர் வீட்டு வாசல்ல நானே நின்னு எறக்கிட்டு வந்தேன். புது ரோப்புக்குன்னு வச்சிருந்த நிதி பூரா அதுல போச்சு. அவ்வளவு பெரிய ஃபிரிட்ஜக் குடுத்தப்புறமும் ரோப் சரியில்லன்னா அப்ப அது ரோப்போட தப்பு."

சான்றிதழில் இருந்த தேதியை மெக்கானிக் அப்போதுதான் கவனித்தான். அன்று அவன் ஊரின் மறுகோடியில், அக்காவின் கணவரான மாமாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தான். இயந்திர அறைக்கு இருப்பது ஒரே சாவி. அது நாள் முழுவதும் அவன் இடுப்பில்தான் தொங்கியது. பூட்டிய அறைக்குள் ஆய்வாளர் எதை நேரில் பார்த்தார்?

ஒரு மணி நேரத்துக்குள் செயலாளர் மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டார். 'நான்கு பேருக்கு மேல் ஏறாதீர்கள்' என்று மெக்கானிக் எழுதி ஒட்டிய தாளையும், சுவர் அசிங்கமாகிறது என்று கிழித்துவிட்டார்.

ஒன்பதாவது மாடியில்தான் அவனுடைய அக்கா குடியிருந்தாள். மாமா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கால்கள் வீங்கி சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டவர். செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். ஒரு நாள் தப்பினாலும் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும்.

"அக்கா, லிஃப்டுல ஏறாத."

"நான் ஏறல. இவர எப்படிடா கீழ கொண்டுபோறது?"

"என்னை ரோப் கட்டி ஜன்னல் வழியா எறக்கு மாப்ளே," என்றார் மாமா. "ஆனா ரோப்ப நல்லாப் பாத்து வாங்கு."

அக்கா சிரிக்கவில்லை. மெக்கானிக்காலும் சிரிக்க முடியவில்லை. அன்று மதியம் மாமாவை அந்த லிஃப்டில்தான் இறக்கினார்கள். வேறு வழி இல்லை. ஒன்பதிலிருந்து தரைக்கு வர நாற்பது விநாடி. அந்த நாற்பது விநாடியும் மெக்கானிக் காதை லிஃப்டின் உள்சுவரோடு ஒட்டவைத்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் அவன் ஊழல் குறைப்பு இயக்ககத்துக்குப் போனான்.

வாசலில் காவலர் அவனை நிறுத்தி, சட்டை, பேன்ட் பைகள் எல்லாவற்றையும் வெளியே இழுத்துவிடச் சொன்னார். யாரும் யாருக்கும் எதையும் ஒளித்துக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்கான விதி அது. உள்ளே மனு கொடுக்க வந்த எல்லோரும் பைகள் முயல் காதுகளைப் போல வெளியே தொங்க, பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஊழியர்களுக்குப் பை இல்லாத சட்டைதான் சீருடை. மேஜைகளின் இழுப்பறைகள் ஆணி அடித்து மூடப்பட்டிருந்தன. சீருடை தைத்துக்கொடுக்கும் ஒப்பந்தக்காரர் இயக்குநரின் மைத்துனர். அவர் மட்டும் நான்கு பை வைத்த சட்டையில் வந்துபோனார். அவர் ஊழியர் இல்லை என்பதால் அதில் விதிமீறல் ஏதும் இல்லை.

பத்தரைக்கு மணி அடித்தது. எல்லோரும் எழுந்து கையை நீட்டி உறுதிமொழி சொன்னார்கள். "வாங்க மாட்டேன். கொடுக்க மாட்டேன். பார்க்க மாட்டேன்." பதினொன்றரைக்கு வந்த ஊழியர்கள் உறுதிமொழிப் பதிவேட்டில் பத்தரைக்குச் சொன்னதாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

புகார்களைப் பதியும் அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார். "லஞ்சம் கொடுத்தது நீங்களா?"

"இல்லம்மா."

"வாங்கினது?"

"இல்லம்மா."

"அப்ப உங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? படிவத்துல 'கொடுத்தவர்', 'வாங்கியவர்'னு ரெண்டு கட்டம்தான் இருக்கு."

"அந்த லிஃப்டுல போறவங்க எந்தக் கட்டத்துல வருவாங்கம்மா?"

அந்த அம்மா படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உண்மையிலேயே தேடினார். "அவங்களுக்குக் கட்டம் இல்லப்பா," என்றார், கொஞ்சம் வருத்தத்தோடு. பிறகு குரலைத் தாழ்த்தி, "மாடியில புள்ளிவிவர அதிகாரியப் பாருங்க. மனுவுல இருக்கற சாவி விஷயத்த முதல்ல சொல்லுங்க," என்றார்.

புள்ளிவிவர அதிகாரியின் அறையில் சுவர் முழுக்க ஒரு வரைபடம். சிவப்புக் கோடு ஒன்று மேலிருந்து சறுக்கிக்கொண்டு வந்தது.

"ஊழல் எப்படிக் குறையுது பார்த்தீங்களா?" என்றார் அவர். "போன வருஷம் நானூறு புகார். இந்த வருஷம் இருநூறைத் தாண்டக் கூடாதுன்னு இலக்கு. நேத்தோட இருநூறு முடிஞ்சுது. இப்ப உங்க புகாரப் பதிஞ்சா என்ன ஆகும்?"

"அந்த ஆய்வாளர விசாரிப்பீங்க."

"ஊழல் கூடிடும்ங்க! இந்தக் கோடு மேல திரும்பிடும். ஊழல் குறையணும்னு நினைக்கிற ஆள்தானே நீங்க? அப்புறம் ஏன் புகார் கொடுக்கிறீங்க? உங்க பங்குக்கு ஒண்ணக் குறைக்கலாமே?"

மெக்கானிக் சாவியை மேஜைமேல் வைத்து, தேதியைச் சொன்னான். அதிகாரி சாவியைத் தொடவில்லை. பொருள் எதையும் கையால் வாங்கக் கூடாது என்பது விதி.

அப்போது அக்கா போன் செய்தாள். "லிஃப்ட் ஏழாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவுல நின்னு ஒரு குலுக்கு குலுக்குச்சாம்டா. உள்ள ஏழாவது மாடி டீச்சர் இருந்தாங்க. வெளிய வந்து அப்படியே தரையில உக்காந்துட்டாங்க."

வியாழக்கிழமை ஆறு மணி நேரம் காத்திருந்து அவன் இயக்குநரையே பார்த்துவிட்டான். சிவந்த உதடுகளும் கனிந்த குரலும் உடைய மனிதர் அவர்.

"உட்காருங்க தம்பி. முன்னாடி இந்த இடத்துக்கு ஊழல் ஒழிப்பு இயக்ககம்னு பேரு. நான்தான் மாத்தினேன். ஒழிச்சுட்டா அப்புறம் இங்க சம்பளம் வாங்கற இருநூறு குடும்பம் எங்க போகும்? ஒழிக்கறேன்னு சொல்றது ஆணவம் தம்பி. குறைக்கறேன்னு சொல்றதுதான் நிர்வாகம். இந்த நாற்காலிக்கு வர நான் யார் யாரைப் பார்த்திருக்கேன், எத்தனை வீட்டுக் கல்யாணத்த முன்ன நின்னு நடத்திக் குடுத்திருக்கேன், உங்களுக்குத் தெரியாது. அவ்வளவும் எதுக்கு? நேர்மையா ஒரு வேலை பண்ணணும்கிறதுக்குத்தான்."

"சார், ரோப் இன்னிக்கோ நாளைக்கோ..."

"உங்க தவிப்பு புரியுது. இப்பவே நடவடிக்கை எடுக்கறேன்."

எடுத்தார். மனுவின் ஓரத்தில் பச்சை மையால் எழுதினார்: 'சம்பந்தப்பட்ட ஆய்வாளர் தம்மைத் தாமே விசாரித்து, தாம் குற்றவாளியா என்பதை ஒரு வாரத்துக்குள் தெரிவிக்கவும்.'

ஆய்வாளர் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளவில்லை. அன்று மாலையே பதில் அனுப்பிவிட்டார். 'என்னை நன்கு விசாரித்தேன். முழு ஒத்துழைப்பு அளித்தேன். குற்றம் ஏதும் தென்படவில்லை.' பதிலை அனுப்பிவிட்டு, மெக்கானிக்குக்குப் போன் செய்தார்.

"உன் லைசென்ஸ் அடுத்த மாசம் புதுப்பிக்கணும் இல்ல?" குரல் மிகவும் அன்பாக இருந்தது. "கையெழுத்துப் போடறது நான்தான். ஞாபகம் இருக்கட்டும்னு கூப்பிட்டேன்."

மெக்கானிக் போனை வைத்தான். இருபது வருடமாக அவனுக்குத் தெரிந்த ஒரே தொழில் அது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இயக்ககம் வருடந்தோறும் நடத்தும் நேர்மை வாரத்தின் நிறைவு நாள். எந்தக் கட்டடத்திலிருந்து ஒரு புகார்கூடப் பதிவாகவில்லையோ அந்தக் கட்டடத்துக்கு 'ஊழல் குறைந்த குடியிருப்பு' விருது கொடுப்பது வழக்கம். மெக்கானிக்கின் புகார் பதிவாகாததால் அந்த வருட விருது அந்தக் கட்டடத்துக்கே கிடைத்தது. ஒன்பதாவது மாடிக்கு மேலே இருந்த கூட்ட அறையில் பதினோரு மணிக்கு விழா. விசாரணைக்கு மிக விரைவாக ஒத்துழைத்தவர் என்று லிஃப்ட் ஆய்வாளருக்கும் ஒரு பாராட்டுப் பத்திரம் தயாராக இருந்தது.

காலை பத்து மணிக்கு மெக்கானிக் இயந்திர அறையைத் திறந்தான். விளக்கைப் போட்டான். ஒரு வடத்தில் ஒரு புரி முழுவதும் அறுந்து, வெளியே வளைந்து நின்றது. லிஃப்ட் ஓடும்போதெல்லாம் அது சக்கரத்தில் உரசித் தீப்பொறி பறந்திருக்க வேண்டும். தரையில் கருகிய பொட்டுகள் கிடந்தன. கீழே பதினோரு அதிகாரிகள் வரப் போகிறார்கள். லிஃப்ட் எட்டுப் பேருக்கானது. அவர்கள் ஏறி முடித்ததும் மாமா இறங்க வேண்டும்.

மின்சாரத்தைத் துண்டித்து, ஃபியூஸ்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அறையைப் பூட்டினான். அக்கா வீட்டில் எட்டிப் பார்த்து, "மாமாவுக்குச் சட்டை போட்டு ரெடியா வை. எப்படின்னு தெரியல, எறக்கிடலாம்," என்று சொல்லிவிட்டு ஒன்பது மாடியும் படியிறங்கினான்.

தரைத்தளத்தில் நல்ல கூட்டம். லிஃப்ட் கதவு திறந்தபடி, உள்ளே இருட்டாக நின்றது. பை இல்லாத சட்டைகளில் அதிகாரிகள், நடுவில் இயக்குநர், பக்கத்தில் பாரியான உடம்போடு ஆய்வாளர். சுற்றிலும் குடியிருப்பவர்கள். பொத்தானை அமுக்கி அமுக்கிச் செயலாளரின் கட்டைவிரல் சிவந்துபோயிருந்தது.

"நான்தான் நிறுத்தினேன்," என்றான் மெக்கானிக்.

"யாரு குடுத்த அதிகாரம்?" இயக்குநரின் குரலில் கனிவு போய்விட்டது.

"யாரும் குடுக்கல சார். ரோப் அறுந்துகிட்டிருக்கு."

"மிக நன்றுன்னு சான்றிதழ் இருக்கு," என்றார் ஆய்வாளர். "நானே நேர்ல பார்த்துக் குடுத்தது. உடனே போடு. இல்லன்னா இந்த ஜென்மத்துல நீ லிஃப்டத் தொட முடியாது."

கூட்டம் மெக்கானிக்கைப் பார்த்தது. மேலே மாமா சட்டை போட்டுக்கொண்டு காத்திருக்கிறார். எதைப் பேசுவது என்று யோசிப்பதற்கு முன்பே வாய் பேசிவிட்டது.

"சரி சார். மேல போய்ப் போடறேன். ஆனா முதல் தடவ நீங்க மட்டும் ஏறிப் போங்க. நேர்ல பார்த்தவர் நீங்கதானே? நீங்க நல்லபடியா மேல போய் நின்னுட்டா, நான் இயக்குநர் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கறேன்."

"இதுக்கென்ன, ஏறுங்களேன்," என்றார் இயக்குநர் ஆய்வாளரிடம், சாதாரணமாக.

ஆய்வாளர் சிரித்தார். லிஃப்டை நோக்கி நடந்தார். மெக்கானிக்கின் கை பைக்குள் இருந்த ஃபியூஸ்களைத் தொட்டது. ஏறிவிட்டால்? ஃபியூஸைப் போட்டு ஒரு மனிதனைச் சாக அனுப்ப அவனால் முடியாது. போடாவிட்டால் அவன்தான் பொய்யன். யாரையாவது வைத்துப் பூட்டை உடைத்து லிஃப்டை ஓட்டிவிடுவார்கள்.

ஆய்வாளர் வலது காலை உள்ளே வைத்தார். அவருடைய எடைக்கு லிஃப்ட் ஒரு விரல் அளவு கீழே இறங்கியது. மேலே எங்கோ ஒன்பது மாடி உயரத்தில் ஏதோ ஒன்று முனகியது. எல்லோருக்கும் கேட்டது. கால் அப்படியே நின்றது. அவர் மெல்ல அண்ணாந்து பார்த்தார். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை மூக்கு வழியாக இறங்கியது.

அவர் காலை வெளியே எடுத்தார்.

"டாக்டர் என்னைப் படியேறச் சொல்லியிருக்கார்," என்றார். "சர்க்கரை இருக்கு."

ஆய்வாளர் திரும்பிப் படிக்கட்டை நோக்கி நடந்தார். முதல் படியில் அவர் கால் வைத்தபோது, ஏழாம் மாடி டீச்சர் கேட்டார். "உங்களுக்குச் சர்க்கரை சார். எங்களுக்கு என்ன?"

இயக்குநர் நிலைமையைச் சமாளிக்கத் தெரிந்தவர். "பார்த்தீர்களா எளிமையை!" என்று உரக்கச் சொல்லி அவரே கைதட்டினார். பிறகு திறந்திருந்த லிஃப்டை ஒருமுறை பார்த்துவிட்டு, அவரும் படிக்கட்டுக்குப் போனார். பதவி வரிசை தவறாமல் மற்ற ஒன்பது பேரும் பின்னால் ஏறினார்கள்.

மெக்கானிக் அவர்களைத் தாண்டிக்கொண்டு மேலே ஓடினான். டீச்சரும், மூன்றாம் மாடித் தையல்காரரும், இரண்டு கல்லூரி வாத்தியார்களும் கூடவே ஓடினார்கள். மாமாவை ஒரு மர நாற்காலியில் உட்காரவைத்து, துப்பட்டாவால் இடுப்பைச் சேர்த்துக் கட்டி, ஆண்கள் நான்கு பேராகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அக்கா முன்னால் பின்பக்கமாகவே இறங்கி வந்தாள், விழுந்தால் தாங்கிக்கொள்வது போலக் கைகளை விரித்துக்கொண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலி சாய்ந்தது. மாமாவின் மூச்சு விசில் அடித்தது.

ஐந்தாவது மாடியில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் நேருக்கு நேர் சந்தித்தார்கள். ஆய்வாளர் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நின்றார். இயக்குநர் படியிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தார்.

முப்பது வருடம் பஸ் ஓட்டிய குரலில் மாமா கத்தினார்: "எறங்கறவங்களுக்கு வழி விடுங்க! எறங்கினப்புறம் ஏறலாம்!"

பதினோரு அதிகாரிகளும் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டார்கள்.

விழா ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. கூட்ட அறையில் அதிகாரிகளைத் தவிர ஒருவரும் இல்லை. குடியிருப்பவர்கள் கீழேயே நின்றுவிட்டார்கள். ஒலிபெருக்கி வழியாக இயக்குநரின் பேச்சு அவர்களுக்கும் கேட்டது. "ஊழல்..." என்று மூச்சு வாங்கினார். "ஊழல்... படிப்படியாகத்தான்... குறையும்." கீழே முதன்முதலாகக் கைதட்டல் எழுந்தது. அது எதற்கென்று மேலே இருந்தவர்களுக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, முப்பத்தாறு வீட்டுக்காரர்களும் ஒன்றாகப் புறப்பட்டு ஆய்வாளர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். கோஷம் போடவில்லை. கல் எடுக்கவில்லை. தெருவே ஜன்னல்களைத் திறந்து பார்த்தது. செயலாளர்தான் முன்னால் நின்றார். அவருக்கு வர இஷ்டமில்லை. ஆனால் எந்த ஃபிரிட்ஜ் என்று அடையாளம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"எங்க ஃபிரிட்ஜ எடுத்துட்டுப் போக வந்திருக்கோம்," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஆய்வாளர் வெளியே வரவில்லை. அவர் மனைவிதான் வந்து, கூட்டத்தையும் தெருவையும் பார்த்தார். "உள்ள பால் இருக்கு. எடுத்துட்டுத் தர்றேன்," என்றார்.

அதை விற்ற பணமும் வீட்டுக்கு வீடு சேர்ந்த பணமும் நான்கு புது வடங்களுக்கும் ஒரு கவ்விக்கும் போதுமானதாக இருந்தது. வேலை முடிய ஐந்து நாள் ஆனது. செவ்வாய்க்கிழமையும் மாமா நாற்காலியில்தான் இறங்கினார். இந்த முறை தூக்க ஒன்பது பேர் வந்ததால் மாடிக்கு மாடி ஆள் மாற்றிக்கொண்டார்கள். மணல் மூட்டைகளை ஏற்றி மூன்று முறை ஓட்டிப் பார்த்த பிறகு, மெக்கானிக் தனியாக ஒருமுறை போய்வந்தான். பிறகுதான் அக்காவை ஏறச் சொன்னான்.

அடுத்த வாரம் இயக்ககத்திலிருந்து அவனுக்குப் பதிவுத் தபால் வந்தது. ஆய்வாளர் வேறு ஊருக்கு மாற்றப்பட்டிருந்தார், பதவி உயர்வோடு. மெக்கானிக்கின் லைசென்ஸ் ஆறு மாதத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவன் அதைச் சத்தமாகப் படித்தான்.

"'குற்றம் ஒன்று: இயங்கிக்கொண்டிருந்த லிஃப்டை, எவருடைய ஆணையும் இன்றி நிறுத்தியது. குற்றம் இரண்டு: அரசு அதிகாரிகள் பதினோரு பேரை, பொதுமக்கள் முன்னிலையில் ஒன்பது மாடி படியேற வைத்தது.'"

"பாவிங்க," என்றாள் அக்கா. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆறு மாசம் என்னடா பண்ணுவ?"

"தையல்காரர் அவர் கடை மிஷின் எல்லாம் ரிப்பேர் பாக்கச் சொல்லியிருக்காரு. எதாவது பண்ணலாம்."

மாமா கையை நீட்டினார். "ரெண்டாவத இன்னொரு தடவ படி மாப்ளே."

படித்தான். மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு காகிதத்தை வாங்கி, நான்காக மடித்து, தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"கவர்மென்ட் காகிதம் எத்தனையோ பார்த்துட்டேன்," என்றார். "ஒரு வரிகூடப் பொய் இல்லாம வந்தது இது ஒண்ணுதான்."